பட்டியலில் இல்லாத கணினி

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாகிரை என்ற ரான்சம்வேர் அன்று பரவத் தொடங்கியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. நம் பக்கத்தில் ஒரகடத்து ரெனோ-நிசான் கார் ஆலையில் உற்பத்தி பாதிக்கப்பட்டது. ஊத்துக்கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் போனால் சுருட்டப்பள்ளி. அது ஆந்திரம், அன்றைய சித்தூர் மாவட்டம். அந்த மாவட்டம் உட்பட ஆந்திரக் காவல்துறையின் 18 இடங்களில் கணினிகள் மாட்டிக்கொண்டதாக அப்போது செய்தி வந்தது.

வான்னாகிரை நுழைந்த ஓட்டை யாருக்கும் தெரியாத ஓட்டை அல்ல. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தது. அந்த அப்டேட் ஏறியிருந்த கணினிக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. ஏறாத கணினியிலோ யாரும் எந்த மெயிலையும் திறக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும், ஃபைல் பகிர்வுக்குப் பயன்படும் 445-ஆம் போர்ட் வழியாக அதுவே உள்ளே வந்துவிடும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நூறு கணினியில் தொண்ணூற்றெட்டுக்கு அப்டேட் போட்டுவிட்டால் ஆபத்து இரண்டு சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. மீதி இரண்டில் ஒன்று மாட்டினாலும், அந்தக் கணினிக்கு எழுதும் உரிமை உள்ள பொது ஃபோல்டர்கள் எல்லாம் அதோடு சேர்ந்து பூட்டப்படும். கணக்குப் பிரிவின் ஃபைல் சர்வரில் எல்லா அப்டேட்டும் ஏறியிருக்கலாம். அதில் இருக்கும் ஃபைல்கள் பூட்டப்படுவதை அது தடுக்காது. அதனால்தான் அந்த இரண்டு எவை, எங்கே இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பது மற்ற தொண்ணூற்றெட்டுக்கும் செய்யும் பாதுகாப்பு ஆகிறது.

எதில் நூறு சதவீதம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் என்று இந்த வட்டாரத்தில் இருக்கும் ஆலைகளில் பெரியவற்றுக்குத் தனி ஐடி துறை உண்டு. நடுத்தர ஆலைகளில் ஒரே ஒருவர் இருப்பார். சில இடங்களில் அவரும் இல்லை, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து போவார். கணினிகள் ஐம்பது, நூறு என்று பெருகியதும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அப்டேட் போட முடியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் தரும் ஏற்பாடுதான் டபிள்யூசஸ். ஒரு சர்வர் எல்லா அப்டேட்டையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும். பொறுப்பாளர் எதைப் போடலாம் என்று ஒப்புதல் கொடுப்பார். மற்றக் கணினிகள் இணையத்துக்குப் போகாமல் அந்த சர்வரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். எதில் ஏறியது, எதில் ஏறவில்லை என்ற நிலவரம் ஒரே திரையில் தெரியும்.

மாதக் கூட்டத்தில் அந்தத் திரையைக் காட்டி, "சார், நூறு சதவீதம் முடிஞ்சுது" என்று சொல்வார்கள். சொல்வதில் பொய் இல்லை. ஆனால் எதில் நூறு சதவீதம் என்று கேட்க வேண்டும்.

டபிள்யூசஸ் சர்வர் எந்தக் கணினியையும் தேடிப் போவதில்லை. கணினிதான் சர்வரைத் தேடி வருகிறது. "உனக்கு அப்டேட் தரும் சர்வர் இது, இந்த முகவரி" என்று எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி அனுப்பும் குரூப் பாலிசி வழியாகவோ கையாலோ கணினிக்குச் சொல்லி வைத்திருப்போம். அது ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த முகவரிக்குப் போய், "எனக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கும். முதல் தடவை கேட்கும்போதுதான் அதன் பெயர் பட்டியலில் ஏறும். முகவரி சொல்லப்படாத கணினி ஒருநாளும் வந்து கேட்காது. வராததால் அதன் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது வரவில்லை என்ற எச்சரிக்கையும் இல்லை. பள்ளியில் வருகைப் பதிவேட்டை வைத்து யார் இன்று வரவில்லை என்று சொல்லலாம், ஊரில் பள்ளியில் சேராத பிள்ளை யார் என்று சொல்ல முடியாது. அதைப் போன்றதுதான் இது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டபிள்யூசஸில் சுத்தம் செய்யும் வசதி ஒன்று இருக்கிறது. 30 நாளாகத் தொடர்புகொள்ளாத கணினிகளை அது பட்டியலிலிருந்து நீக்கிவிடும். சர்வர் மெதுவாகிவிடக் கூடாது என்பதற்காகப் பலரும் இதை மாதந்தோறும் ஓட்டுகிறார்கள், ஓட்டவும் வேண்டும். ஆனால் ஒரு கணினியில் அப்டேட் சர்வீஸ் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தால், அதுவும் இதில் போய்விடும். நாம் தேடிப் போக வேண்டிய கணினி எதுவோ, அதையே நம் கருவி அழித்துவிட்டு அறிக்கையைப் பச்சையாக்கித் தருகிறது. சுத்தம் செய்வதற்கு முன்னால் நீக்கப்படப் போகும் பெயர்களை ஓர் எக்செல் தாளில் எடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலைதான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம்.

காணாமல் போகும் விதங்கள்

எடைமேடை அறையைப் பாருங்கள். ஆலை வாசலில், செக்யூரிட்டி அறையை ஒட்டி, லாரிகள் ஏறி இறங்கும் இடத்தில் இருக்கும். உள்ளே ஒரு பழைய கணினி. எடை காட்டும் கருவியிலிருந்து ஒரு சீரியல் கேபிள் அதற்குள் போகும். பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அந்த மென்பொருளை எடைமேடை போட்ட கம்பெனி பல வருடங்களுக்கு முன்னால் நிறுவியது. அது ஓடுவது விண்டோஸ் 7-இல். கணினி வாங்கியது ஐடி பிரிவு அல்ல, எடைமேடையோடு சேர்ந்து ஒரே பில்லில் வந்தது. அதனால் ஆலையின் கணினிகளை மையமாக நிர்வகிக்கும் டொமைனில் சேர்க்கப்படவில்லை. டொமைனில் இல்லாததால் குரூப் பாலிசி போய்ச் சேரவில்லை, டபிள்யூசஸ் முகவரியும் தெரியாது. ஆனால் எடைச் சீட்டு விவரம் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதால் நெட்வொர்க் கேபிள் மட்டும் செருகப்பட்டிருக்கும்.

இன்னும் கூர்ந்து பார்த்தால், அந்த அறையில் ஒரு சின்ன வைஃபை ரூட்டர் இருக்கலாம். ஒரே கேபிள்தான் வந்தது, கணினி, சிசிடிவி, செக்யூரிட்டியின் வருகைப் பதிவுக் கருவி என்று மூன்றை இணைக்க வேண்டியிருந்தது. யாரோ கடையிலிருந்து ஒரு ரூட்டர் வாங்கி மாட்டிவிட்டார்கள். அதன் பின்னால் எத்தனை கருவிகள் இருந்தாலும் ஆலையின் நெட்வொர்க்குக்கு ஒரே ஒரு முகவரிதான் தெரியும். பின்னால் இருப்பவை அதனுள் மறைந்துவிடும்.

உற்பத்தி இயந்திரங்களோடு வரும் கணினிகளும் இதே வகைதான். ஆய்வகத்தில் உலோகத்தின் கலவையைச் சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு வந்த கணினி, சிஎன்சி இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் கணினி, பாய்லர் கட்டுப்பாட்டுத் திரை. "அப்டேட் போட்டால் வாரன்டி போய்விடும்" என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதற்குப் பிறகு யாரும் தொடுவதில்லை. தைவானின் டிஎஸ்எம்சி, உலகின் பெரிய சிப் தயாரிப்பு நிறுவனம், 2018 ஆகஸ்டில் பட்டது இதனால்தான். புதிதாக வந்த ஓர் இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். அதிலிருந்த வான்னாகிரையின் ஒரு வகை, அப்டேட் ஏறாத விண்டோஸ் 7 இயந்திரங்களுக்குப் பரவிப் பல ஆலைகளை நிறுத்தியது. வான்னாகிரை உலகத்தையே உலுக்கி ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு நடந்தது இது.

அடுத்தது, எண்ணிக்கையையே ஏமாற்றும் ஒரு விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களையும் இது நாள்கணக்கில் அலைக்கழிக்கும். பத்துக் கணினி புதிதாக வாங்கினால் ஒன்றில் விண்டோஸும் டேலியும் பிரிண்டர் டிரைவரும் போட்டு முடித்து, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற ஒன்பதுக்கும் பிரதி எடுப்பார்கள். 'கோஸ்ட் போடுவது' என்று இன்னும் சொல்கிறார்கள். ஒவ்வொரு கணினியிலும் அப்டேட் சர்வீஸ் தனக்கென ஓர் அடையாள எண்ணை வைத்திருக்கும். முறைப்படி தயார் செய்யாமல் பிரதி எடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே போய்விடும். பெயர் வேறு, ஐபி வேறு, ஆனால் சர்வரின் பார்வையில் பத்தும் ஒரே கணினி. காலையில் ஸ்டோர்-2 வந்து கேட்டால் அந்தப் பெயர் தெரியும். மாலையில் ஸ்டோர்-5 வந்தால் பழைய பெயர் போய் இந்தப் பெயர் வரும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் பட்டியலில் ஒருவர்தான் இருப்பார்; அந்த ஒருவரின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கணினியை நேற்றுப் பட்டியலில் பார்த்தோமே, இன்று காணோமே என்று குழப்பம் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்தக் கணினியில் அப்டேட் சர்வீஸை நிறுத்தி, ரெஜிஸ்ட்ரியில் சஸ் கிளையன்ட் ஐடி என்ற பதிவையும் அதன் கூடவே இருக்கும் சரிபார்ப்புப் பதிவையும் நீக்கி, சர்வீஸை மறுபடி தொடங்கினால் புதிய எண் உருவாகிவிடும். அடுத்த முறை பிரதி எடுக்கும்போது விண்டோஸின் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி, அந்தப் பதிவுகளும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பிரதி எடுங்கள்.

மற்ற காரணங்கள் எளியவை. சர்வரை மாற்றியிருப்பார்கள், சில கணினிகளில் பழைய முகவரியே தங்கியிருக்கும். வேலை நடுவில் ரீஸ்டார்ட் ஆகிறதே என்ற எரிச்சலில் ஒருவர் அப்டேட் சர்வீஸை நிறுத்திவைத்திருப்பார். டிஸ்க் நிரம்பியிருக்கும். விற்பனைப் பிரிவின் லேப்டாப் மாதக்கணக்கில் ஆலைக்கே வந்திருக்காது. அவசரத்துக்கு என்று பீரோவில் வைத்த உபரிக் கணினி ஒரு வருடம் கழித்து வெளியே வந்து, பழைய ஓட்டைகள் அத்தனையோடும் நெட்வொர்க்கில் சேரும்.

வேறு சாட்சிகளைக் கேளுங்கள்

காணாமல் போனவற்றை அப்டேட் சர்வரிடம் கேட்டுப் பயனில்லை. கணினி நெட்வொர்க்கில் இருந்தால் வேறு யாராவது அதைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் வாங்கி, டபிள்யூசஸ் பட்டியலோடு ஒப்பிடுவதுதான் வேலை. ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஆக்டிவ் டைரக்டரி முதல் சாட்சி. அதில் எல்லாக் கணினிகளின் பெயரும், கடைசியாக உள்நுழைந்த தேதியும் கிடைக்கும். அந்தத் தேதி இரண்டு வாரம் வரை பின்தங்கியிருக்கலாம் என்பதால் பத்து நாள் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். டைரக்டரியில் உயிரோடு இருந்து டபிள்யூசஸில் இல்லாதவை உங்கள் முதல் அறுவடை. ஆனால் டொமைனில் சேராத எடைமேடைக் கணினி இங்கேயும் இருக்காது.

ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடம் அடுத்துக் கேளுங்கள். விண்டோஸ் டிஎச்சிபியில் ஒரு முகவரியின் ஆயுள் இயல்பாக எட்டு நாள். அதனால் ஒருமுறை பட்டியல் எடுத்தாலே ஒரு வாரமாக வந்து போனவர்கள் எல்லாம் தெரிவார்கள், டொமைனில் இல்லாதவர்களும் சேர்த்து. இதன் குறை, கையால் நிலையான ஐபி கொடுத்த கணினிகள் இதில் வராது. இயந்திரங்களோடு வந்த கணினிகளுக்கு இன்ஜினியர்கள் பெரும்பாலும் நிலையான ஐபிதான் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாம் மிகவும் தேடுபவர்கள் இந்த வலையிலிருந்து தப்பிவிடுவார்கள்.

அவர்களைப் பிடிப்பது சுவிட்ச். ரேக்கில் இருக்கும் மேனேஜ்டு சுவிட்ச், எந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) பேசுகிறது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கும். நிலையான ஐபி கொடுத்தாலும், டொமைனில் இல்லாவிட்டாலும், ஃபயர்வால் இருந்தாலும் அதிலிருந்து மறைய முடியாது. கேபிளில் பேசினால் பதிவாகும். ஆனால் பேச்சு நின்று ஐந்து நிமிடம் போனால் பெரும்பாலான சுவிட்சுகள் அந்தப் பதிவை அழித்துவிடும். அதனால் ஒருமுறை எடுத்தால் போதாது. காலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள் என்று பல நேரங்களில் எடுக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர் மட்டும் இயக்கும் கணினி பகலில் எப்படித் தெரியும்?

மேக் முகவரியின் முதல் பாதி, தயாரித்த நிறுவனத்தைச் சொல்லும். அதைப் பார்த்தாலே பிரிண்டர், கேமரா, கணினி என்று பாதிக்கு மேல் பிரித்துவிடலாம். அலுவலகக் கணினி இருக்க வேண்டிய போர்ட்டில் வீட்டு ரூட்டர் தயாரிக்கும் கம்பெனியின் பெயர் வந்தால், அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஒரே போர்ட்டில் பத்து மேக் முகவரிகள் தெரிந்தால் அங்கே யாரோ சின்ன சுவிட்ச் மாட்டியிருக்கிறார்கள். செல்போன்கள் தற்காலிக மேக் முகவரி காட்டிக் குழப்பும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்று இருந்தால் அது கம்பெனி கொடுத்த முகவரி அல்ல என்று ஒதுக்கலாம்.

நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் மென்பொருள்களும் உதவும். பிங் செய்து பார்த்துவிட்டுப் பதில் வராததை இல்லை என்று எழுதிவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. ஒரே சப்நெட்டுக்குள் ஏஆர்பி வழியாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த முறையைப் பயன்படுத்துங்கள். இரண்டு எச்சரிக்கைகள் இருக்கின்றன. ஆலை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். உரிமையாளர் அனுமதி இல்லாமல் கணினிகளை அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்படி தவறு. இரண்டாவது, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி இருக்கும் நெட்வொர்க்கை உற்பத்தி ஓடும்போது ஸ்கேன் செய்யவே கூடாது. சில பழைய பிஎல்சிகள் அந்தக் கேள்விகளைத் தாங்காமல் நின்றுவிடும். அங்கே சுவிட்ச் அட்டவணையை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆன்டிவைரஸ் கன்சோலும், இணைய வாசலில் இருக்கும் ஃபயர்வால் பதிவும் நல்ல சாட்சிகள். ஃபயர்வாலில், எந்தெந்தக் கணினி மைக்ரோசாஃப்டின் அப்டேட் சர்வர்களுக்கு நேராகப் போகிறது என்று பாருங்கள். உங்கள் டபிள்யூசஸைத் தெரியாத கணினிகள் பெரும்பாலும் அப்படித்தான் போகும். கடைசியாக, யாரும் நினைக்காத ஒரு சாட்சி கணக்குப் பிரிவில் இருக்கிறது. வருமான வரிக்காகக் கணினிகளுக்கு 40 சதவீதம் தேய்மானம் கணக்கிடுகிறார்கள் அல்லவா, அந்தச் சொத்துப் பட்டியலில் எத்தனை கணினி வாங்கினோம் என்று பில்லோடு இருக்கும். இயந்திரத்தோடு ஒரே பில்லில் வந்தவை மட்டும் அதில் தனியாகத் தெரியாது.

எல்லாப் பட்டியல்களையும் ஓர் எக்செல் தாளில் வைத்து ஒப்பிடும்போது எதை வைத்துப் பொருத்துவது என்ற கேள்வி வரும். ஐபி மாறும். பெயரை மாற்றியிருப்பார்கள். மேக் ஓரளவு நம்பகமானது, ஆனால் லேப்டாப்புக்குக் கேபிளில் ஒன்று, வைஃபையில் ஒன்று. கடைசியில் மாறாதது கணினியின் உடலில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்தான். அதைப் பார்க்க எழுந்து நடந்துதான் போக வேண்டும். எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த நடை குறையாது. கேபிளைப் பிடித்துக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போய், அங்கே வேலை செய்பவரிடம் "அண்ணே, இந்த சிஸ்டம் யாரு பாக்குறது?" என்று கேட்பதில் கிடைக்கும் தகவல் எந்தத் திரையிலும் கிடைக்காது.

ஸ்கேன் செய்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்ததால் வந்த கேட்டுக்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ். கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம் அது. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை என்று அறிவிப்பு வந்ததும், 48 மணி நேரத்துக்குள் அடையுங்கள் என்று உள்ளே மெயில் அனுப்பினார்கள். அந்த மெயில் முகவரிப் பட்டியல் பழையதாக இருந்தது. செய்ய வேண்டியவருக்குப் போகவில்லை. பிறகு ஸ்கேன் செய்தார்கள். ஓட்டை இருந்த சர்வரை அந்த ஸ்கேன் காட்டிக்கொடுக்கவில்லை. மே மாதம் உள்ளே வந்த திருடர்கள் ஜூலை இறுதி வரை இருந்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் போனது.

கண்டுபிடித்த பிறகு

அப்டேட் சர்வரில் சேர்க்க முடிந்ததைச் சேர்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் அப்டேட் பார்க்காத கணினியில் உடனே எல்லாவற்றையும் ஏற்றிவிடாமல், முதலில் முழு பேக்கப் எடுத்து, உற்பத்தி இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். சேர்க்கவே முடியாதவை இருக்கும். எடைமேடை மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது என்றால் ஓடாதுதான். அந்தக் கணினிக்குத் தனி விஎல்ஏஎன் (பிரித்துவைத்த நெட்வொர்க்) கொடுத்து, இணையத்தை வெட்டி, கணக்குப் பிரிவு சர்வரின் எந்த ஒரு போர்ட் தேவையோ அதை மட்டும் திறந்துவிடுங்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் தாக்கப்பட்டபோது ஐந்து சர்வர்களும் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவும் பாதிக்கப்பட்டன. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததுதான் காரணம் என்று மத்திய அரசு மாநிலங்களவையில் சொன்னது. கூடங்குளத்தில் 2019-இல் நடந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு கணினியில் தீநிரல் நுழைந்தது, அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த கணினி. உள் நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் அணுமின் நிலையக் கட்டுப்பாடு பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது.

பட்டியலில் இருந்தும் பச்சையாகத் தெரிந்தும் ஏமாற்றுபவையும் இப்போது சேர்ந்துவிட்டன. வழக்கமான விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. காசு கட்டி நீட்டிப்பு வாங்காத கணினிகளுக்குப் புதிய பாதுகாப்பு அப்டேட் வராது. வராததால் விடுபட்டதும் ஒன்றும் இருக்காது. கன்சோல் அதை "எல்லாம் சரி" என்றே காட்டும். அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்தில் விண்டோஸ் பதிப்பையும் ஒரு நெடுவரிசையாகப் போடுங்கள். டபிள்யூசஸையும் மறக்க வேண்டாம். அதற்கு இனிப் புதிய வசதிகள் வராது என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. 2025 அக்டோபரில் டபிள்யூசஸிலேயே ஒரு மோசமான ஓட்டை வெளியாகி அவசர அப்டேட் வந்தது. அப்டேட் தரும் சர்வருக்கு அப்டேட் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நாளை வேறு கருவிக்கு மாறினாலும், அந்தக் கருவியில் பதிவு செய்யாத கணினி அதற்கும் தெரியப்போவதில்லை.

இனி புதிதாக ஒன்று நுழையாமல் இருக்க ஆலைகளில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளும் வாசலில் இன்வர்டு பதிவேட்டில் ஏறுகிறது. இயந்திரம் எதுவானாலும் உள்ளே கணினி இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை அதில் சேர்த்து, ஐடி பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் நெட்வொர்க் கேபிள் செருகக் கூடாது என்று விதி வையுங்கள். சுவிட்சில் பயன்படாத போர்ட்களை மூடி வையுங்கள்.

ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் நீங்கள் புகார் தர வேண்டும். 180 நாள் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் 2022 செப்டம்பர் 25 முதல் இது பொருந்தும். எந்தக் கணினி, யாருடையது, எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரம் போதாது. உங்கள் ஐடி ஆளுக்கு எந்த ஷெட்டுக்குள்ளும் போய்ப் பார்க்க அனுமதியும், அதற்கு மாதத்தில் ஒரு முழு நாளும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் நூறு சதவீதம் என்று சொன்னால், மொத்தம் எத்தனை கணினி, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.